ஓடிபி கேட்காமலே நடக்கும் திருட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'யாரிடமும் ஓடிபி சொல்லாதீர்கள்' என்று வங்கிகளும் காவல்துறையும் சொல்லாத நாளில்லை. மக்களும் ஓரளவு பழகிவிட்டார்கள். முன்பின் தெரியாதவர் போனில் ஓடிபி கேட்டால் பாட்டிகூட இணைப்பைத் துண்டித்துவிடுகிறார். ஆனால் ஓடிபி என்ற பேச்சே எழாமல் நம் பெயரில் சிம் வாங்குகிறார்கள், கடன் எடுக்கிறார்கள், ஜிஎஸ்டி பதிவு செய்கிறார்கள், கணக்கிலிருந்து பணமும் எடுக்கிறார்கள். அதற்கு வேண்டியதெல்லாம் நாம் ஜெராக்ஸ் கடையிலும் செல்போன் கடையிலும் விட்டுவிட்டு வந்த காகிதமும் ரேகையும்தான். இந்த வழிகளை அடைப்பது எப்படி என்று யாரும் மக்களுக்குப் பொறுமையாகச் சொல்வதில்லை. அதற்காகவே இந்தக் கடிதம் சற்று நீளமாகப் போகிறது. இடம் தர வேண்டுகிறேன்.

முதலில் ரேகை. 'கைரேகை வைத்துப் பணம் எடுப்பது' என்று ஊரில் சொல்கிறார்களே, அந்த ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனைக்கு மூன்றே விஷயம் போதும்: கணக்கு உள்ள வங்கியின் பெயர், ஆதார் எண், விரல் ரேகை. ஓடிபி இல்லை, பின் நம்பர் இல்லை, ஏடிஎம் அட்டையும் தேவையில்லை. ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். பக்கத்தில் வங்கிக் கிளை இல்லாத கிராமத்து முதியவருக்கு உதவித்தொகை வாசலுக்கே வந்து சேர்வது இந்த முறையால்தான். ஆகவே முறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆதார் எண், ரேகை இரண்டும் சேர்ந்து ஒரே கட்டாகக் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. அது சொத்துப் பத்திரம். பதிவு ஆவணங்களில் உள்ள பெருவிரல் ரேகையைப் படியெடுத்து, ரப்பரிலோ சிலிக்கானிலோ அச்சு வார்த்து, அதைக் கருவியில் அழுத்திப் பணம் எடுத்த கும்பல்களைத் தெலங்கானாவிலும் ஹரியானாவிலும் போலீசார் பிடித்திருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் ஆதார் ஆணையம், வைக்கப்படுவது உயிருள்ள விரல்தானா என்று சோதிக்கும் புதிய முறையை அறிவித்தது. நல்ல காரியம். இருந்தாலும் பூட்டு நம் கையிலேயே இருக்கும்போது அதைப் போடாமல் இருப்பானேன்?

பூட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும். மைஆதார் இணையதளத்திலோ, ஆதார் ஆணையத்தின் செயலியிலோ ஆதார் எண்ணைக் கொடுத்து, கைபேசிக்கு வரும் எண்ணைப் போட்டு உள்ளே போனால் 'லாக் / அன்லாக் பயோமெட்ரிக்ஸ்' என்று இருக்கும். அதைத் தேர்ந்து சம்மதத்தைக் குறித்துவிட்டால் முடிந்தது. அதன் பிறகு உங்கள் விரல் ரேகை, கருவிழி, முகம் ஆகிய மூன்றையும் வைத்து எவரும் சரிபார்க்க முடியாது. முயன்றால் கருவியில் 330 என்ற பிழைக் குறியீடு வரும். ஓடிபி வழியான ஆதார் சேவைகள் மட்டும் வழக்கம்போல் இயங்கும். நமக்கே ரேகை வைக்க வேண்டிய வேலை வந்தால் அதே பக்கத்தில் தற்காலிகமாகத் திறக்கலாம். பத்து நிமிடத்தில் தானே பூட்டிக்கொள்ளும்.

இதில் ஒரு சிக்கலை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பிறகு அலைச்சல் இல்லை. நியாயவிலைக் கடையிலும் ரேகை வைத்துத்தான் பொருள் தருகிறார்கள். பூட்டியது மறந்து வரிசையில் நின்றால் 'ரேகை விழவில்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடைக்காரருக்கு 330 என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. ஆகவே வழக்கமாகக் கடைக்குப் போகும் ஒருவர் திறக்கும் முறையைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது அவர் ஒருவரைத் தவிர்த்து மற்றவர்கள் பூட்டிக்கொள்ளலாம். ஓய்வூதியர்கள் நவம்பரில் டிஜிட்டல் உயிர்வாழ் சான்று எடுக்கும்போதும், பத்திரப் பதிவுக்குப் போகும்போதும் இதே கதைதான். முன்னதாகத் திறந்துகொள்ள வேண்டும். ரேகை வைத்து மாதாமாதம் உதவித்தொகை வாங்கும் பெரியவருக்கு, உடனிருந்து திறந்துவிட ஆள் இல்லையென்றால் பூட்டவே வேண்டாம். அந்தக் கணக்கில் உதவித்தொகை மட்டும் வரட்டும்; நெல் விற்ற பணமும் சீட்டுப் பணமும் வேறு கணக்கில் இருக்கட்டும். இந்த முறையைப் பயன்படுத்தவே பயன்படுத்தாதவர்கள், தங்கள் கணக்கில் ஆதார் வழிப் பணம் எடுப்பதை நிறுத்தி வைக்கும்படி வங்கிக் கிளையிலும் எழுதிக் கொடுத்துக் கேட்கலாம்.

பத்திர நகலை அனுப்புவதிலும் ஒரு வார்த்தை. விலை பேசும் கட்டத்தில் தரகருக்குத் தேவை சொத்து விவரம் உள்ள பக்கம் மட்டுமே. முழுப் பத்திரத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது எத்தனை குழுக்களுக்குப் போகும் என்று அவருக்கே தெரியாது. ரேகையையும் ஆதார் எண்ணையும் ஒரு துண்டுத் தாளால் மறைத்துவிட்டுப் படம் எடுங்கள். வக்கீலுக்கும் கடன் தரும் வங்கிக்கும் முழு நகல் வேண்டியிருக்கும்; அதை நேரில் கொடுங்கள்.

பூட்டுக்கும் திறப்புக்கும் ஆதாரோடு இணைந்த கைபேசி எண் உயிரோடு இருக்க வேண்டும். பழைய எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டு, ஆதாரிலும் வங்கியிலும் மாற்றாமல் இருப்பவர்கள் ஏராளம். இணைப்பு துண்டிக்கப்பட்டு 90 நாள் கழிந்தால் அந்த எண் வேறு ஒருவருக்குப் போகலாம். அதன்பின் உங்கள் ஓடிபி எல்லாம் அவர் கைபேசியில் விழும். ஆதார் மையத்துக்கு நேரில் போய் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். செலவு 100 ரூபாய்க்குள் முடியும்.

அடுத்தது செல்போன் கடை. புது சிம் வாங்கும்போது கருவியில் விரலை வைக்கச் சொல்கிறார்கள். 'சரியா விழலை, இன்னொரு தடவை வைங்க' என்கிறார்கள். வேர்த்த விரலாலோ தேய்ந்த ரேகையாலோ அப்படி நேர்வது உண்மைதான். ஆனால் முதல் ரேகையிலேயே ஒரு சிம்மும் இரண்டாவதில் இன்னொரு சிம்மும் எழுப்பிவிட்டு, கூடுதல் சிம்மை வெளியில் விற்கும் வேலையும் இதே வாக்கியத்தைச் சொல்லித்தான் நடக்கிறது. இரண்டாம் தடவை விரலை வைக்கும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். தோல்வி என்ற செய்தியைக் கண்ணால் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் மைஆதாரில் 'அதென்டிகேஷன் ஹிஸ்டரி' பக்கத்தைத் திறந்தால் கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதாரை எந்த நிறுவனம், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, ரேகையாலா ஓடிபியாலா சரிபார்த்தது என்ற பட்டியல் இருக்கும். ஒரே சிம்முக்கு இரண்டு வெற்றி இருந்தால் அன்றே விசாரிக்கலாம்.

நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கும் வசதியையும் அரசு தந்திருக்கிறது. 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் உங்கள் கைபேசி எண்ணையும் ஓடிபியையும் கொடுத்தால் உங்கள் பெயரில் உள்ள எண்கள் வரிசையாக வரும். ஒருவர் பெயரில் பொதுவாக ஒன்பது இணைப்பு வரை இருக்கலாம் என்பதால், தெரியாத இரண்டு எண் சேர்ந்திருந்தாலும் யாருக்கும் சந்தேகம் வராது. ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே 'என் எண் அல்ல', 'தேவையில்லை', 'தேவை' என்று குறிக்க இடம் உண்டு. எண்ணின் சில இலக்கங்கள் மறைந்திருக்கும், அவசரப்பட்டுக் குறிக்காதீர்கள். அம்மாவுக்கோ ஊரில் இருக்கும் மாமனாருக்கோ எப்போதோ உங்கள் பெயரில் வாங்கித் தந்த சிம்மை மறந்துபோய் 'என் எண் அல்ல' என்று போட்டுவிட்டால் அவர்கள் போன் நின்றுவிடும், அதோடு இணைந்த வங்கிக் கணக்கும் சிக்கும். குடும்பத்தில் எல்லோரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டு குறியுங்கள். போலி சிம்மால் ஒரு மோசடி நடந்தால் போலீஸ் முதலில் தேடி வருவது சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இதைப் பார்ப்பது ஒன்றும் அதிகமில்லை.

சிம்மையே நம் கையிலிருந்து பறிக்கும் முறையும் உண்டு. சிம் தொலைந்துவிட்டதாகச் சொல்லி, நம் அடையாள நகலைக் காட்டி, அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிவிடுவார்கள். நம் கைபேசியில் திடீரென்று டவர் போய்விடும். வீட்டில் அதே கம்பெனி சிம் வைத்திருப்பவருக்கு டவர் இருந்து உங்களுக்கு மட்டும் இல்லையென்றால், கைபேசியை அணைத்துப் போட்டுப் பார்ப்பதோடு நிற்காமல் அவர் போனிலிருந்து உடனே வாடிக்கையாளர் சேவைக்குப் பேசுங்கள். மாற்று சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகாமலும் வராமலும் தடுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2022இல் உத்தரவிட்டது இதற்காகத்தான். உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அந்த ஒரு நாள்.

இனி ஜெராக்ஸ் கடை. அங்கே நிற்கும்போது கணினித் திரையைக் கவனியுங்கள். டவுன்லோட்ஸ் பெட்டியில் காலையிலிருந்து வந்தவர்களின் ஆதாரும் பானும் பாஸ்புக் பக்கமும் வரிசையாகக் கிடக்கும். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அந்தக் கணினியை மாலையில் யார் தொடுகிறார்கள் என்பது அவருக்கும் தெரியாது. இ-ஆதார் கோப்புக்கு பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததுதான் எல்லோருக்கும் பாஸ்வேர்டு. உங்களைத் தெரிந்த எவரும் திறந்துவிடலாம். அச்செடுத்து முடிந்ததும் நீங்கள் அனுப்பிய கோப்பை உங்கள் கண் முன்னே அழிக்கச் சொல்லுங்கள். ரீசைக்கிள் பின்னிலிருந்தும், வாட்ஸ்அப் உரையாடலிலிருந்தும் அழிக்க வேண்டும். கறுத்துப்போய் வீணான நகலைக் குப்பைக் கூடையில் விடாமல் கேட்டு வாங்கிக் கிழியுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், இரண்டு தடவை கேட்டால் பழகிவிடும்.

கொடுக்கும் நகல் எதுவாக இருக்க வேண்டும் என்பதிலும் நமக்குத் தேர்வு இருக்கிறது. மைஆதாரில் பதிவிறக்கும்போது 'மாஸ்க்டு ஆதார்' என்று ஒரு கட்டம் வரும். அதை டிக் செய்தால் முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும் அட்டை கிடைக்கும். லாட்ஜ், கல்யாண மண்டபம், வாடகை ஒப்பந்தம் என்று எங்கே கேட்டாலும் இதைக் கொடுங்கள், அல்லது வாக்காளர் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ காட்டுங்கள். 2018 செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் தீர்ப்பில் தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க இடம் தந்த 57ஆம் பிரிவின் அந்தப் பகுதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 மே மாதத்தில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், 'நகலை யாருக்கும் தராதீர்கள், மாஸ்க்டு ஆதார் தாருங்கள்' என்று அறிக்கை விட்டது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று சொல்லி இரண்டே நாளில் அதை மத்திய அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த வாபஸ் சரியில்லை என்பது என் கருத்து. அறிக்கையில் சொன்ன யோசனை அன்றும் சரி, இன்றும் சரி.

முழு நகல் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில் அதன் மேல் எழுதிக் கொடுங்கள். ஓரத்தில் கையெழுத்து மட்டும் போட்டால் அந்த ஓரத்தை வெட்டிவிட்டு மறுபடி நகல் எடுப்பார்கள். படத்தின் ஓரத்தையும் எழுத்துகளையும் தொட்டபடி குறுக்காக, 'இன்ன வங்கிக் கிளையில் நகைக்கடனுக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். எண்ணும் முகமும் படிக்க முடிய வேண்டும், அவ்வளவுதான்.

பான் அட்டை விஷயம் இன்னும் மோசம், ஏனென்றால் நடந்தது வருடக்கணக்கில் தெரியாது. நம் பானையும் முகவரியையும் வைத்துக் கைபேசிச் செயலியில் ஐந்தாயிரம், பத்தாயிரம் என்று சிறு கடனாக எடுப்பார்கள். கட்டாமல் விடுவார்கள். வீட்டுக்கடனுக்கு நாம் போகும்போது 'சிபில் சரியில்லை' என்று கை விரிப்பார்கள். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று, நம் கடன் வரலாற்றைத் தொகுத்து வைக்கும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் ஆண்டு முழுக்கக் கண்காணித்த மாதிரி ஆகும், பைசா செலவில்லை. அறிக்கை வந்ததும் எல்லோரும் மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய் 'என்கொயரி' பட்டியலைப் பாருங்கள். கடன் கேட்டு விண்ணப்பம் போனவுடனேயே கடன் நிறுவனத்தின் பெயரும் தேதியும் அங்கே ஏறிவிடும். நீங்கள் போகாத நிறுவனத்தின் பெயர் அதில் இருந்தால் உங்கள் பானை யாரோ எடுத்தாள்கிறார் என்று அர்த்தம். சில சமயம் கடன் கைக்குப் போகும் முன்பே தடுத்துவிடலாம்.

கடன் ஏற்கெனவே ஏறியிருந்தால் ஏஜென்டின் மிரட்டலுக்கு அஞ்சி ஒரு தவணைகூடக் கட்டாதீர்கள். கட்டினால் கடன் உங்களுடையது என்று ஒப்புக்கொண்டதாக வாதிடுவார்கள். 'பாதி கொடுத்து செட்டில் பண்ணிக்கலாம்' என்பதும் வேண்டாம். செட்டில்டு என்ற குறிப்பு அறிக்கையில் தங்கிப் பின்னால் தொல்லை தரும். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் நான்கு விஷயம் கேளுங்கள்: விண்ணப்பமும் அதோடு வந்த அடையாள ஆவணங்களும், சரிபார்ப்புக்குப் பயன்பட்ட கைபேசி எண், மின் கையெழுத்தின் விவரம், கடன் தொகை எந்த வங்கிக் கணக்கில் போய் விழுந்தது என்பது. நான்காவதுதான் உயிர்நாடி. அந்தக் கணக்கு உங்களுடையது இல்லையென்றால் வழக்கில் பாதி முடிந்தது. கூடவே சிபிலிடமும் தகராறு பதிவு செய்யுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023இல் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவு. நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் சரியில்லை என்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

கூலித் தொழிலாளிக்குக் கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்த செய்திகளை வாசகர்கள் படித்திருப்பார்கள். அது நடக்கும் விதம் இதுதான். 'மானியக் கடன் வாங்கித் தருகிறேன்' என்று தெருவுக்கு ஒருவர் வருவார். ஆதார், பான், போட்டோ, பாஸ்புக் இவற்றோடு கரண்ட் பில்லும் கேட்பார். அந்த ஐந்தையும் சேர்த்துப் பாருங்கள்: ஜிஎஸ்டி பதிவுக்குக் கேட்கும் ஆவணக் கட்டு அப்படியே அதுதான். கரண்ட் பில் கடை முகவரிக்குச் சான்று. சிறு கடனுக்குக் கரண்ட் பில் எதற்கு என்று அங்கேயே கேட்க வேண்டும். ஜிஎஸ்டி தளத்தில் 'சர்ச் டாக்ஸ்பேயர்' என்பதன் கீழ் 'சர்ச் பை பான்' இருக்கிறது. உள்நுழையத் தேவையில்லை, பான் எண்ணைப் போட்டால் அதன் மேல் எந்த மாநிலத்தில் பதிவு இருந்தாலும் காட்டிவிடும். உங்களுடையது அல்லாத பதிவை அங்கிருந்தே புகார் செய்யலாம். வருமான வரித் தளத்தில் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையையும் பாருங்கள். நீங்கள் வாங்காத சம்பளமும் செய்யாத வியாபாரமும் அதில் ஏறியிருக்கலாம்.

பணம் போய்விட்டால் முதல் வேலை சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குப் பேசுவது. பணம் கணக்குவிட்டுக் கணக்குத் தாவும் முன் இடையில் நிறுத்தி வைக்க அவர்களால் முடியும். அதற்கு நேரம்தான் முக்கியம். பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண், தேதி, நேரம், தொகை ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு பேசினால் இரண்டு நிமிடத்தில் பதிவாகும். பிறகு வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, தவறு வாடிக்கையாளர் மேலும் இல்லை, வங்கி மேலும் இல்லை என்ற நிலையில் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது. நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்குப் பொறுப்பு 10,000 ரூபாய் வரை ஏறும். அதற்கும் மேல் போனால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. தெரிவித்த பத்து வேலை நாளில் தொகையைத் தற்காலிகமாகவாவது வரவு வைக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். இது தெரியாமல் 'போலீஸ் எஃப்ஐஆர் கொண்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம்' என்ற பேச்சைக் கேட்டு மூன்று நாளைக் கோட்டை விடுகிறார்கள். புகாரை வங்கியில் முதலில் கொடுத்து, தேதியிட்ட முத்திரையுடன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் மின்னஞ்சலில் அனுப்புங்கள். அனுப்பிய நேரமே சாட்சி.

பணம் போகாமல் அடையாளம் மட்டும் களவு போயிருந்தாலும் அது குற்றம்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. 'சம்பவம் எங்கள் எல்லையில் நடக்கவில்லை' என்று சொல்ல, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு இடம் தரவில்லை. புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கி வாருங்கள். நாளைக்கு அந்தப் போலி சிம்மாலோ போலி நிறுவனத்தாலோ வேறொருவர் ஏமாந்தால், 'நான் இன்ன தேதியிலேயே புகார் செய்தேன்' என்று காட்ட அதுதான் கையில் இருக்கும்.

இளைஞர்களுக்கு ஒன்று. மாதம் சில ஆயிரம் தருகிறேன் என்று சொல்லி வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பவர்கள் கல்லூரி வாசல்களில் திரிகிறார்கள். ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் கொடுத்துவிட்டால், ஊரை ஏமாற்றிய பணம் வந்து விழும் கணக்கு உங்களுடையதாகிவிடும். அங்கே நீங்கள் பாதிக்கப்பட்டவர் இல்லை, குற்றவாளிப் பட்டியலில் இருப்பீர்கள்.

வாசகர்கள் செய்ய வேண்டியதைச் சொன்னேன். அலுவலகங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பதிவுத் துறை வழங்கும் ஆவண நகல்களில் ரேகையையும் ஆதார் எண்ணையும் மறைத்துத் தர வேண்டும்; நீதிமன்றத்துக்கோ வங்கிக்கோ தேவை என்று கேட்பவருக்கு மட்டும் முழு நகல் போதும். அடுக்குமாடிக் குடியிருப்பு, விடுதி, மண்டபம் ஆகிய இடங்களில் அட்டையைப் பார்த்துப் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுக்கலாம். இப்போது வாங்கிச் சேர்க்கும் நகல்களை மேசை இழுப்பறையில் அடைத்து வைத்து, வருடக் கடைசியில் எடைக்குப் போடுகிறார்கள். டீக்கடையில் வடை மடித்துத் தரும் தாளில் யாரோ ஒருவரின் முகமும் பன்னிரண்டு இலக்கமும் இருப்பது இப்படித்தான். எடைக்குப் போடும் முன் கிழித்துப் போடவாவது மாவட்ட நிர்வாகங்கள் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
திருச்சி.